கடன் வாங்குமுன் ஒரு கொப்பி வாங்குவோம்
சிறு தொழிலுக்குத் திட்டம் எழுதுவது எப்படி?

(தோட்ட மகளிர், இளைஞர் குழுக்களுக்கான சுயதொழில் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஆறு நாளும் மலை ஏறி இறங்கிவிட்டு, துணி துவைத்து ஓய்வாக இருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

"வியாபாரத் திட்டம்" என்றதும் நம்மில் பலருக்கு ஒரு பயம். அது வங்கிக்காரர் கேட்கிற பேப்பர், இங்கிலீஷில் டைப் அடித்திருக்க வேண்டும், டவுனில் யாருக்காவது காசு கொடுத்துத்தான் எழுதி வாங்க வேண்டும் என்று நினைக்கிறோம். இதில் ஒன்றும் உண்மையில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. உங்கள் திட்டத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். வங்கிக்குக் காட்டுவது கடைசி வேலை. முதலில் அது உங்களுக்காக எழுதுகிற கணக்கு.

ஒரு தொழிலில் நட்டம் வருமா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி இருக்கிறது. காசைப் போட்டுப் பார்க்கலாம். அல்லது கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொப்பியில் வருகிற நட்டத்துக்குப் பேனை மைதான் செலவு. மற்ற நட்டத்துக்குத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும்.

யாருடைய காசு இது?

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்த பிறகு, கார்மென்ட் வேலை நாட்டில் பரவியது. நம் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பெண்பிள்ளைகள் அந்த வேலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். ஐந்து வருடம், ஆறு வருடம் வேலை செய்துவிட்டுக் கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறார்கள். அப்படிக் கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண்ணுக்கு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கையில் ஒரு தொகை வருகிறது. கையில் தையல் தொழிலும் இருக்கிறது. "ஒரு தையல் கடை போடுவோம்" என்ற ஆசை வருவது நியாயம்தானே?

ஆனால் அந்தக் காசு ஒரு முறை மட்டுமே வருகிற காசு. அது போய்விட்டால் திரும்ப ஐந்து வருடம் மெஷினுக்கு முன்னால் உட்கார வேண்டும். அதனால் இன்றைக்குத் தையல் தொழிலையே எடுத்து, ஒரு திட்டத்தை எல்லோரும் சேர்ந்து எழுதிப் பார்ப்போம். நான் சொல்கிற விலைகள் கணக்குப் பழகுவதற்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் கடையில் விசாரித்துப் போட வேண்டும்.

முதல் கணக்கு: ஆசைக் கணக்கு

மூன்று பெண்கள் சேருகிறார்கள் என்று வைப்போம். சந்தியில் ஒரு அறை வாடகைக்கு. பழைய பவர் மெஷின் ஒன்று 65,000 ரூபா. பழைய ஓவர்லொக் மெஷின் 85,000. மேசை, கத்தரிக்கோல், அயன் எல்லாம் 25,000. நூல், பட்டன் வாங்கி வைக்க 15,000. பதிவு, பெயர்ப்பலகைக்கு 10,000. மொத்தம் 2 இலட்சம்.

என்ன தைப்பார்கள்? பள்ளிக்கூடச் சீருடை. அரசாங்கம் 1993ஆம் ஆண்டிலிருந்து சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில வருடங்கள் வவுச்சராகவும் கொடுத்தது. ஆகத் துணி தாய்தகப்பன் கையில் இருக்கிறது. தையல்கூலிதான் அவர்கள் கொடுக்க வேண்டும். ஒரு கவுனுக்குக் கூலி 900 ரூபா. நூல், பட்டன், சிப்புக்கு 150. மீதி 750.

மூன்று பேரும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கவுன் தைத்தால் ஒன்பது. மாதம் 20 நாளில் 180 கவுன். 180ஐ 750ஆல் பெருக்கினால் 1,35,000 ரூபா! கேட்கவே நன்றாக இருக்கிறது. பலர் இந்த இடத்திலேயே கொப்பியை மூடிவிட்டுக் கடன் வாங்கப் போகிறார்கள். நாம் மூடாமல் இரண்டு கேள்வி கேட்போம்.

முதல் கேள்வி: தைத்தாலும் தைக்காவிட்டாலும் மாதா மாதம் போகிற செலவு என்ன?

அறை வாடகை 8,000. கரண்ட் 2,500. பஸ், போன் 3,000. மெஷின் ரிப்பேர் 1,000. இதோடு நாம் மறந்துவிடுகிற ஒன்று, மெஷின் தேய்மானம். மெஷினும் சாமானும் 1,75,000 ரூபா. அவை 50 மாதம் உழைக்கும் என்று வைத்தால், மாதம் 3,500 ரூபா தேய்ந்து போகிறது. அந்தக் காசை ஒதுக்கி வைக்காவிட்டால், மெஷின் உடைகிற நாளில் புதிதாக வாங்க வழியிருக்காது. எல்லாம் கூட்டினால் 18,000.

இதைவிடப் பெரிய மறதி ஒன்று இருக்கிறது. நம் சொந்த உழைப்பு. "நாங்கதானே தைக்கிறோம், எங்களுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்கிறோம். அப்படி விடக்கூடாது. 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானியில் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று போட்டார்கள். நான் அந்தத் தொகையை வைக்கிறேன். நீங்கள் உங்கள் சம்பளத்துண்டில் உள்ள தொகையை வையுங்கள். மலையில் பேர் போட்டால் கிடைக்கிற அந்தச் சம்பளமாவது தையல் மெஷினில் கிடைக்க வேண்டாமா? மூன்று பேருக்கு 20 நாளைக்கு 81,000 ரூபா. செலவோடு சேர்த்தால் 99,000. இதை 750ஆல் பிரித்தால் 132. அதாவது மாதம் 132 கவுன் தைத்தால்தான் கையும் கணக்கும் சரி. வருடத்துக்கு 1,584.

இரண்டாவது கேள்வி: அத்தனை கவுன் தைக்கச் சொல்ல ஆள் இருக்கிறதா?

இதற்கு விடை வீட்டில் உட்கார்ந்தால் கிடைக்காது. டிவிஷன் டிவிஷனாக, லயம் லயமாகப் போய்க் கேட்க வேண்டும். நம் டிவிஷனிலும் பக்கத்து இரண்டு டிவிஷனிலும் 350 பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பதாக வைப்போம். பிள்ளைக்கு வருடத்தில் இரண்டு உடுப்பு. 700. இதில் எல்லாமே நமக்கு வருமா? டவுன் டெய்லரிடம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே தைக்கிற சித்தி இருக்கிறார். அக்காவுடைய கவுனைத் தங்கச்சி போடுகிறாள். பாதி வந்தால் 350.

நமக்குத் தேவை 1,584. கிடைப்பது 350. 350ஐ 750ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 2,62,500. வருடச் செலவு 2,16,000. மீதி 46,500. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 15,500 ரூபா. அதுவும் ஒரு மாதத்துக்கு இல்லை, ஒரு வருடத்துக்கு. மலையில் பன்னிரண்டு நாள் பேர் போட்ட காசுகூட வரவில்லை.

பயப்பட வேண்டாம். நாம் இன்னும் ஒரு சதமும் போடவில்லை. கொப்பியில்தான் நட்டப்பட்டிருக்கிறோம். இதற்காகத்தான் திட்டம் எழுதுவது.

இரண்டாவது கணக்கு: திருத்திய கணக்கு

எங்கே பிழை என்று கொப்பியே காட்டுகிறது. ஆள் அதிகம், வாடகை அதிகம், தைக்கிற சாமான் ஒன்றே ஒன்று. திருத்துவோம்.

முதலில் இரண்டு பேர் மட்டும். ஆளுக்கு மாதம் பத்து நாள். மற்ற நாட்களில் பழைய வேலை நடக்கட்டும். மூன்றாவது பெண்ணை விட்டுவிடவில்லை. ஓர்டர் கூடுகிற மாதத்தில் துண்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கூப்பிடலாம். சந்தி அறை வேண்டாம், வீட்டு இஸ்தோப்பில் ஆரம்பிப்போம். ஓவர்லொக் மெஷின் வேண்டாம், அந்த வேலையை மட்டும் டவுனில் காசு கொடுத்து அடித்துக்கொள்வோம். பவர் மெஷின் 65,000, சாமான் 15,000, நூல் வகை 10,000, பதிவுக்கு 5,000. மொத்தம் 95,000. முதல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

சீருடையோடு சாரி பிளவுஸ், திரைச்சீலை, பழைய உடுப்பு திருத்துவது, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு ஆகியவற்றையும் சேர்ப்போம். செலவு போக ஒரு துண்டுக்குச் சராசரி 700 ரூபா மிஞ்சுவதாக வைப்போம். திருத்துகிற வேலைக்குக் கூலி குறைவு. அதனால் அதில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு துண்டாகக் கணக்கு வையுங்கள்.

மாதச் செலவு: கரண்ட் 1,500, பஸ், போன் 2,000, ரிப்பேர் 500, தேய்மானம் 1,600. மொத்தம் 5,600. இரண்டு பேருடைய 20 நாள் உழைப்புக்கு 27,000. எல்லாம் 32,600. 700ஆல் பிரித்தால் மாதம் 47 துண்டு. வருடத்துக்கு 564. அதில் சீருடை 300 என்று கொஞ்சம் குறைத்தே வைப்போம். மீதி 264, அதாவது மாதம் 22 பிளவுசும் மற்ற வேலையும். இது முடிகிற காரியமா? மறுபடி லயத்துக்குப் போய் விசாரியுங்கள். "தைப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "போன வருசம் எத்தனை பிளவுஸ் தைச்சீங்க, எங்க குடுத்தீங்க, எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் உண்மை வரும்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

வருடக் கணக்கு சரியாக வந்தாலும் மாதக் கணக்கில் தொழில் விழலாம். பன்னிரண்டு கோடு போட்டு, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் புது வருடம் தொடங்குகிற நேரத்தில் சீருடை குவியும். தீபாவளி முற்பணம் கிடைக்கிற நேரத்தில் பிளவுஸ் வரும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கொஞ்சம் வரும். வெயில் காலத்தில் கொழுந்து குறைந்து வேலை நாளும் குறையும்போது யாரும் துணி தைக்கக் கொடுக்கமாட்டார்கள். அந்த மாதங்களில் மெஷின் சும்மா இருக்கும், கரண்ட் பில் சும்மா இருக்காது. நல்ல மாதத்தில் வந்த காசை அந்த மாதத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

அடுத்தது கடன் கொடுப்பது. "சம்பளத்துக்குத் தாரேன் தங்கச்சி" என்று நம் சொந்தக்காரரே கேட்பார்கள். மறுக்க முடியாது. ஆகத் திட்டத்திலேயே ஒரு விதியை எழுதுங்கள்: துணி கொடுக்கும்போது பாதிக் கூலி, உடுப்பு வாங்கும்போது மீதி. சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அப்போது இல்லை என்று சொல்வது நீங்கள் இல்லை, சுவர்!

வீட்டுக் காசும் தொழில் காசும் ஒரே டின்னில் இருக்கக்கூடாது. சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் சிறு தொழில்காரருக்கு நடத்தும் பயிற்சியிலும் இது முக்கியமான பாடம். தொழில் டின்னிலிருந்து உங்கள் சம்பளத்தை நீங்கள் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் கொப்பியில் உங்கள் பெயரில் கடன் என்று எழுதுங்கள்.

கடன் வேண்டுமானால்

கடன் வாங்குவது பாவமில்லை. விலை தெரியாமல் வாங்குவதுதான் ஆபத்து. ஒரு இலட்சம் ரூபாவை ஒரு வருடத்துக்கு 24 சதவீத வட்டியில் வாங்குவதாக வைப்போம். தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் வருடம் முழுக்க வட்டி போட்டால் வட்டி 24,000 ரூபா, மாதத் தவணை 10,333. கட்டக் கட்ட மீதியிருக்கிற தொகைக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்த வட்டி ஏறக்குறைய 13,500தான், தவணை 9,456. சொல்கிற சதவீதம் ஒன்று, கொடுக்கிற காசு வேறு. ஆகவே, "எத்தனை சதவீதம்?" என்று கேட்பதோடு நிற்காமல், "ஒரு இலட்சம் எடுத்தால் கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் திருத்திய கணக்கில் மாதம் 47 துண்டு தைத்தால் செலவு போக 27,300 மிஞ்சும். அதில் 10,333 தவணைக்குப் போனால் இரண்டு பேருக்கும் சேர்த்து 17,000 கூட இல்லை. ஆளுக்குப் பத்து நாள் உழைப்புக்கு 8,500 ரூபா. மலையில் இருந்திருந்தால் 13,500. தவணை வாராவாரம் என்றால் வேலை வராத வாரத்தில் என்ன செய்வீர்கள்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க நகை என்று போன வீடுகளை நீங்கள் என்னைவிட அறிவீர்கள். முடிந்தவரை சேமிப்பிலும் சீட்டுக் காசிலும் சிறிதாக ஆரம்பியுங்கள். ஆறு மாதக் கொப்பி கையில் இருந்தால் வங்கியில் பேசவும் தைரியம் வரும்.

எது பிழைத்துப் போகலாம்?

திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். பவர் மெஷின் மட்டும் வைத்திருந்தவர் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. வீட்டிலிருக்கிற பழைய கால் மெஷினை விற்றுவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்துக்கு ஏறியது. பழைய விலையில் ஓர்டர் எடுத்து, புது விலையில் நூல் வாங்கினால் கை நட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விலையைத் திருப்பி விசாரித்துக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

"அப்படியானால் தோட்ட வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் தைக்கலாமா?" என்று கேட்பீர்கள். பேர் வெட்டுமுன் அதையும் கணக்கில் எழுதுங்கள். மாதா மாதம் சேர்கிற சேமலாப நிதி நின்றுவிடும். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, சேவைக்காலப் பணம் என்று நாம் சொல்கிற பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை நிறைய வேண்டும். நாலரை வருடத்தில் பேர் வெட்டினால் அதை இழப்பீர்கள். வீடு யாருடைய பேரில், எந்த வேலையை வைத்துக் கிடைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். இஸ்தோப்பில் தொழில் நடத்தத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு வையுங்கள்.

பெயரும் பதிவும்

"கம்பனியாகப் பதிய வேண்டுமா?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரரோடும் தனியார் கம்பனி ஆரம்பிக்கலாம், 50 பேருக்கு மேல் போக முடியாது. ஆனால் கம்பனி என்றால் செயலாளர் வேண்டும், வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குச் செலவு உண்டு. மாதம் 47 துண்டு தைக்கிற தொழிலுக்கு முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தொழில் வளர்ந்து பெரிய ஓர்டர் வரும்போது கம்பனியைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டு பேர் கூட்டாகச் செய்தால், எவ்வளவு நெருங்கிய சிநேகிதியாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் 1,000 ரூபாவுக்கு மேல் போனால் பங்கு ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிற சட்டம். யார் எவ்வளவு போட்டார், யார் எத்தனை நாள் வேலை, இலாபம் எப்படிப் பிரிப்பது, ஒருத்தி விலகினால் மெஷின் யாருக்கு? இந்த நான்கையும் சந்தோசமாக இருக்கிற நாளில் எழுத வேண்டும். சண்டை வந்த பிறகு எழுத முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கொப்பி கொண்டு வாருங்கள். எழுத்து வராத அம்மாமார் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள், கணக்கு நீங்கள் சொல்லுங்கள். கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு இந்தக் கணக்கு வராதா என்ன?

கொப்பியில் ஏழு விடை இருக்க வேண்டும்:

1. என்ன செய்து விற்கப் போகிறேன்?
2. யார் வாங்குவார்? குறைந்தது இருபது வீட்டில் கேட்ட விபரம்.
3. இப்போது அதை அவர்கள் யாரிடம், என்ன விலைக்கு வாங்குகிறார்கள்?
4. தொடங்க எவ்வளவு முதல் வேண்டும்? அதில் என் கையில் எவ்வளவு?
5. ஒரு துண்டுக்கு என்ன செலவு, என்ன மிஞ்சும்?
6. மாதச் செலவும் என் சம்பளமும் சேர்த்து, மாதம் எத்தனை விற்றால் சரி?
7. எது பிழைத்துப் போகலாம்? அப்போது என்ன செய்வேன்?

தையல் மட்டுமில்லை, கோழி வளர்ப்பவருக்கும், பசு வைத்திருப்பவருக்கும், வடை சுட்டு விற்பவருக்கும் கேள்வி இதே ஏழுதான். ஏழுக்கும் விடை எழுதிய பிறகு "இது சரிவராது" என்று தெரிந்தால் சோர்ந்துவிட வேண்டாம். ஒரு சேமலாப நிதியையோ ஒரு தாலிக்கொடியையோ காப்பாற்றிவிட்டீர்கள். அதே கொப்பியில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, திருத்தி எழுதுங்கள். "சரிவரும்" என்று தெரிந்தால், அந்தக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த ஆபிசுக்குள்ளும் தலை நிமிர்ந்து போகலாம்.